காட்டோடு கலக்க வேண்டியது கட்டடம், நாமல்ல

உயிருள்ள மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு, அதே இடத்தில் சிமெண்டால் ஒரு மரம் செய்து வைக்கும் கலையில் நம் நாட்டுப் பூங்கா காண்டிராக்டர்களை மிஞ்ச உலகத்தில் ஆளில்லை. சிமெண்ட் மரக்கட்டை பெஞ்சு, சிமெண்ட் காளான் குடை, முயல் வடிவில் குப்பைத்தொட்டி, வாயைப் பிளந்து நிற்கும் புலித்தலை வாசல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோட் பச்சை பெயிண்ட். என்ன இது என்று கேட்டால், "இயற்கையோடு இயைந்த வடிவமைப்பு" என்று பதில் வருகிறது!

காட்டோரத்திலும் மலையடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் 'பார்வையாளர் மையம்' என்ற பெயரில் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கும் காலம் இது. டிக்கெட் கொடுக்க ஓர் இடம், காட்டைப் பற்றிச் சொல்ல ஒரு கூடம், தண்ணீர், கழிப்பறை, சிற்றுண்டி ஆகியவை சேர்ந்ததுதான் பார்வையாளர் மையம். அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நமக்கும் சொல்ல உரிமை உண்டு என்கிறோம்.

கூலி, ரேஷன் கார்டு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஆயிரம் பிரச்சினை இருக்க, இந்தப் பத்திரிகைக்கு இது எதற்கு என்று சில தோழர்கள் நினைக்கலாம். கட்டடம் எந்தக் காட்டில் எழுந்தாலும் அதற்குக் கல் உடைப்பவர், மண் சுமப்பவர், சென்ட்ரிங் அடிப்பவர் யார்? தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரத்திலிருந்து வந்த நம்மவர்களும், இப்போது ஒடிசா, பீகாரிலிருந்து வந்த நம் தோழர்களும்தானே! வாரம் ஒரு நாள் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆனேக்கல் வழியாகப் பன்னேர்கட்டாவுக்குப் பஸ் ஏறுகிறவர்களும் நாம்தான். கட்டுகிறவனும் நாம், பார்க்கிறவனும் நாம். வரைபடம் போடும் மேசையில் மட்டும் நமக்கு நாற்காலி இல்லை.

நம் வாசலில் உள்ள காடு

அத்திபெலேயில் குடியிருக்கும் நமக்கு மிக அருகில் உள்ள பெரிய காடு பன்னேர்கட்டா. 1974இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2002இல் மிருகக்காட்சிசாலையும் சஃபாரியும் உள்ள பகுதி உயிரியல் பூங்கா என்று தனியாகப் பிரிக்கப்பட்டது. 2006இல் நாட்டின் முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அங்கே திறக்கப்பட்டது. 2011இல் புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டதால் தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டராயிற்று.

அந்தக் காடு கர்நாடகத்தோடு முடிந்துவிடவில்லை. தெற்கே தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளாகத் தமிழகத்திலும் தொடர்கிறது. ராகி விளையும் மாதங்களில் யானைக் கூட்டங்கள் இந்த வழியே இறங்கிப் போகின்றன. எந்தச் சோதனைச் சாவடியிலும் பர்மிட் காட்டாமல் இரு மாநிலத்துக்கும் போய்வரும் உரிமை இன்று யானைக்கு மட்டும்தான் இருக்கிறது. அந்த உரிமையும் குறுகிக்கொண்டு வருகிறது. காட்டைச் சுற்றிக் காப்பு மண்டலம் வகுக்க 2016இல் மத்திய அரசு போட்ட வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர் இருந்தது. 2020இல் இறுதி அறிவிப்பு வந்தபோது அது 168.84 ஆகச் சுருங்கிவிட்டது. நூறு சதுர கிலோமீட்டர் காகிதத்திலேயே கரைந்து போயிற்று! அதனால் யாருக்கு லாபம் என்பதைக் காட்டோரத்து மனை விளம்பரப் பலகைகளைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் நாளை ஒரு பார்வையாளர் மையம் எழுமானால், இயற்கையோடு இயைவது என்பதற்கு நாம் கொள்ளும் பொருள் என்ன?

முதல் கேள்வி, எங்கே கட்டுவது என்பது. அழகான இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே கட்டுவதுதான் இன்றைய வழக்கம். அந்தக் கணமே அழகு போய்விடுகிறது. ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்தில் கட்ட வேண்டும் என்கிறோம் நாம். பழைய வண்டி நிறுத்துமிடம், இடிந்த குடோன், கைவிட்ட கல்குவாரி போன்ற இடங்கள் போதும். ஆனேக்கல் தாலுகாவில் கல்குவாரிப் பள்ளங்களுக்கா பஞ்சம்? நம்மவர்கள் கையால் குடையப்பட்ட பள்ளங்கள்தான் அவை. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் வெள்ளைக் களிமண் தோண்டிக் கைவிட்ட பெரும் பள்ளத்தில் 'ஈடன்' என்ற தாவரப் பூங்காவைக் கட்டி 2001இல் திறந்தார்கள். புண்ணாகிப்போன நிலம் ஆறியது. நல்ல நிலம் ஒன்று தப்பித்தது.

அடுத்தது நிலத்தின் வாட்டம். புல்டோசரை விட்டுச் சமப்படுத்திவிட்டுக் கட்டினால், பிறகு என்ன பெயிண்ட் அடித்தாலும் அது காட்டோடு சேராது. மேட்டிலே மேடாக, சரிவிலே படியாக, பாறை வந்தால் பாறையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கூரை மரத்தின் தலைக்கு மேலே எழும்பக்கூடாது. மழைத்தண்ணீர் நேற்று எந்த வழியாக ஓடியதோ, நாளையும் அதே வழியாக ஓட வேண்டும். நம் ஊர்க் கிழவர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆனால் கிழவரை யார் கேட்கிறார்கள்?

இலங்கையில் தம்புள்ளைக்குப் பக்கத்தில் கண்டலம ஏரிக்கரையில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டலைக் கட்டடக் கலைஞர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள். 1994இல் திறக்கப்பட்டது. பாறையை ஒட்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். தூண்களின் மேல் நிற்பதால் அடியில் மழைநீர் தடையின்றி ஓடுகிறது. மாடியிலும் சுவரிலும் கொடிகள் படர்ந்து, எட்ட நின்று பார்த்தால் கட்டடமா காடா என்று புரியாது. இதிலே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டத் தொடங்கும்போது ஏரித் தண்ணீர் கெட்டுவிடும் என்று அஞ்சிச் சுற்றுக் கிராமத்தாரும் பிக்குகளும் எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே தங்குபவர்கள் நம்மைப் போன்றவர்களும் அல்ல. பணக்காரன் கட்டடம் கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் மட்டும் அது மக்கள் கட்டடமாகிவிடாது.

மண்ணிலே கட்டிய ஒரு மையம்

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே உள்ள ஆரோவில்லின் பார்வையாளர் மையத்தைத்தான் சொல்கிறோம். ஆரோவில் பற்றி நம்மிடையே பலவித அபிப்பிராயங்கள் உண்டு. அந்த விவாதம் வேறு. அந்தக் கட்டடத்தை மட்டும் பார்ப்போம். சுமார் 1200 சதுர மீட்டர் பரப்பு. சூளையில் சுட்ட செங்கல் இல்லை. செம்மண்ணில் சிறிதளவு சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் பிரஸ்ஸில் அழுத்தி, வெயிலில் வாடவிடாமல் ஈரம் காத்துப் பதப்படுத்திய மண்கற்களால் எழுப்பியது. வளைவுகள், நிழலான நடைகள், மண்ணின் நிறமே சுவரின் நிறம். பெயிண்டே தேவைப்படவில்லை. 1992இல் 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்ற பிரிவில் ஹசன் ஃபத்தி பெயரிலான சர்வதேசப் பரிசு இதற்குக் கிடைத்தது.

இந்த மண்கல் எங்கிருந்தோ வந்த அதிசயமல்ல. நம் பெங்களூரிலேயே இந்திய விஞ்ஞானக் கழகத்தில், பேராசிரியர் அமுல்யா ரெட்டி முயற்சியால் 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' என்ற கிராமத் தொழில்நுட்ப மையத்தில் இதற்கான ஆராய்ச்சி நடந்தது. பேராசிரியர் கே.எஸ். ஜகதீஷும் அவருடைய சகாக்களும் மண்கல் பிரஸ்ஸைப் பக்குவப்படுத்தினார்கள். செங்கல் சூளைக்கு விறகு வேண்டும். ஆற்று மணல் தேடி ஓட வேண்டும். மண்கல்லுக்குக் காலடியில் இருக்கும் மண் போதும்; அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே சலித்துப் பயன்படுத்தலாம். தோண்டிய பள்ளத்தை மழைநீர்க் குட்டையாக்கலாம்.

நாம் இதில் பார்க்கும் அரசியல் வேறு. ஒரு கோடி ரூபாய்க்குக் கண்ணாடி, இரும்பு, அலுமினியத் தகடு கொண்டு கட்டினால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி கம்பெனிகளுக்கும் லாரிக்கும் போய்ச் சேரும். அதே ஒரு கோடிக்கு மண்ணிலும் கல்லிலும் கட்டினால் பெரும்பகுதி கூலியாகக் கைக்கு வரும். மண் சலிக்க ஆள், கலக்க ஆள், பிரஸ் இழுக்க ஆள், அடுக்க ஆள், தண்ணீர் தெளிக்க ஆள். காட்டுக்கு நல்ல கட்டடம் எதுவோ, அதுவேதான் தொழிலாளிக்கும் நல்ல கட்டடம் என்பது நம் வாதம். பிள்ளைப் பருவத்திலிருந்து கலவைச் சட்டி சுமந்தும் கடைசிவரை 'சித்தாள்' என்றே அழைக்கப்பட்டுச் சம்பளத்திலும் குறைக்கப்படும் நம் பெண்களுக்கு, மண்கல் வேலையையும் வளைவு கட்டும் வேலையையும் முறையாகக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் கொத்தனார் சம்பளம் வாங்கலாம். டெண்டரிலேயே இந்த நிபந்தனையைப் போட வேண்டும்.

இன்னொன்று. இன்று பார்வையாளர்கள் பார்த்து வியக்கும் ஆரோவில் காடு 1968இல் அங்கே இல்லை. மரமற்று, மழைக்கு மழை செம்மண் கரைந்து கடலுக்கு ஓடிய பொட்டல் மேடு அது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, கோட்டக்கரை போன்ற சுற்றுக் கிராமத்து ஜனங்களும் வரப்புப் போட்டுக் குழி வெட்டிக் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றியதால் வந்த காடு. ஆக, 'இயற்கை நிலப்பரப்பு' என்று படித்தவர்கள் சொல்வதற்குள்ளேயும் கூலிக்காரன் வியர்வை இருக்கிறது. நாம் பார்த்த கட்டடக்கலைக் குறிப்புகளில் வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, பரிசின் பெயர் இருக்கிறது. கல் அடுக்கிய கொத்தனார் ஒருவர் பெயரையும் காணோம்.

கூர்னா சொல்லும் பாடம்

அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த ஹசன் ஃபத்தி எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர். சிமெண்டும் இரும்பும் ஏழைக்கு எட்டாது, மண்தான் எட்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர். லக்சர் நகருக்கு அருகே பழைய கல்லறைகள் மேல் குடியிருந்த கூர்னா கிராமத்து ஜனங்களை அப்புறப்படுத்த அரசாங்கம் முடிவு செய்தபோது, அவர்களுக்காகப் புதிய கூர்னா என்ற ஊரை 1945 முதல் மண்செங்கல்லில் கட்டினார். குவிமாடம், முற்றம், மசூதி, சந்தை எல்லாம் அந்த மண்ணிலிருந்து முளைத்தது போல் இருந்தன என்கிறார்கள். ஆனால் கிராமத்தார் குடிபோக மறுத்துவிட்டார்கள்! அவர்களுடைய பிழைப்பு அந்தக் கல்லறைகளைச் சுற்றியே இருந்தது. அதை விட்டுவிட்டு அழகான வீட்டில் போய் உட்கார்ந்து என்ன சாப்பிடுவது? 1948க்குள் வேலை நின்றுபோய், ஊர் பாதியிலேயே கிடந்தது.

ஃபத்தியை நாம் குறை சொல்லவில்லை. ஏழைகளைப் பற்றி அவ்வளவு அக்கறை கொண்ட கட்டடக் கலைஞர்கள் அபூர்வம். ஆனால் மண்ணோடு கலந்த கட்டடம், மக்களைக் கேட்காமல் கட்டப்பட்டால் என்னாகும் என்பதற்கு அவருடைய ஊரே சாட்சியாக நின்றது. பன்னேர்கட்டாவிலும் காட்டை ஒட்டி இருளிகர் குடும்பங்களும் ஹக்கிபிக்கி குடும்பங்களும் இருக்கிறார்கள். தேனும் மூலிகையும் தெரிந்தவர்கள்; யானை எந்தப் பக்கம் வரும் என்று காற்றை முகர்ந்தே சொல்லக்கூடியவர்கள். மையத்தின் கூடத்தில் அவர்களை மெழுகுப் பொம்மையாக நிறுத்திவைப்பதா, அல்லது வழிகாட்டி வேலையையும் தேன் விற்கும் கடையையும் அவர்களுக்குக் கொடுப்பதா? சுவருக்குப் போடும் திட்டத்தோடு இதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.

இனி நம் குடும்பங்களின் பக்கத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடும் வயதான மாமியாரோடும் வருகிற குடும்பத்துக்கு முதலில் வேண்டியது உட்கார நிழல். நம் வீட்டுத் திண்ணைதான் அதற்கு வடிவம். நீளமான தாழ்வாரம், கருங்கல் பலகை போட்ட திண்ணை, மேலே ஓடு. ஏ.சி. கூடம் வேண்டாம்; அதற்குக் காசு கேட்பார்கள். கட்டிய சோற்றைச் சாப்பிட அனுமதி வேண்டும். பாக்கெட் சிப்ஸ் விற்பதற்காகக் கட்டுச்சோற்றைத் தடுத்துவிட்டு, பிறகு பிளாஸ்டிக் குப்பையைப் பற்றி நமக்கே உபதேசம் செய்யக்கூடாது. குடிதண்ணீரும் கழிப்பறையும் டிக்கெட் வாங்கும் முன்பே, வாசலிலேயே இருக்க வேண்டும். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் விழும் தண்ணீர் மட்டும் ஒன்பது லட்சம் லிட்டர். சிந்தியது போக ஏழு லட்சத்தைத் தொட்டியில் பிடித்தால் கழிப்பறைக்கு லாரித் தண்ணீர் வாங்க வேண்டிய நாட்கள் பெரிதும் குறையும்.

கூரை மேல் புல் வளர்ப்பது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், மழைக்காலத்தில் ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது யார்? கொத்தனாரைக் கேட்டிருந்தால் மங்களூர் ஓடு போதும் சாமி என்று சொல்லியிருப்பார்.

அறிவிப்புப் பலகை விஷயத்தில் நாம் தெளிவாகச் சொல்கிறோம். இது கன்னட நாடு. முதல் வரி கன்னடத்தில்தான் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள், படிக்கவும் வேண்டும். அதன் கீழே தமிழும் தெலுங்கும் இந்தியும் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. 1905இல் பி.எல். ரைஸ் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் ஆனேக்கல் தாலுகாவின் பழைய கல்வெட்டுகள் கன்னடத்திலும் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. அவை இந்த மண்ணில் அடுத்தடுத்து நின்ற கற்கள்தாம். எழுத்தே தெரியாத நம் தாய்மார்களுக்குப் படம் வேண்டும். யானை படம், அதன் காலடி, அது போகும் வழி, அது வரும் மாதம். காட்டோரத்தில் நடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பொழுதுபோக்கல்ல, உயிர் காக்கும் பாடம்.

யானைக்காகவும் சில நிபந்தனைகள் உண்டு. காட்டின் பக்கம் மதில் எழுப்பக்கூடாது. ராத்திரியில் ஃபோகஸ் லைட் எரியக்கூடாது. இருட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட வேண்டும். ஒலிபெருக்கி எப்போதும் வேண்டாம். பெரிய கண்ணாடிச் சுவரில் வானம் தெரிவதை உண்மையான வானம் என்று நம்பிப் பறவை மோதிச் சாகும்.

மூங்கில், கீற்று என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். அவை அழகுதான், ஆனால் தீப்பிடிக்கும். 2023 அக்டோபர் 7 அன்று இதே அத்திபெலேயில் பட்டாசுக் கடையில் பிடித்த தீயில், தீபாவளி வேலைக்காக வந்த பையன்கள் உள்ளே மாட்டிக்கொண்டு இறந்ததை நாம் மறக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்துப் பிள்ளைகள். எந்தக் கட்டடமானாலும் வெளியே ஓட இரண்டு வழியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழகைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசியாக, கட்டும் காலம். காட்டோரத்து வேலையில் காட்டுக்கு முதல் சேதம் எப்படி வருகிறது? காண்டிராக்டர் கொட்டகையும் அடுப்பும் கழிப்பறையும் கொடுக்காமல் ஐம்பது குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்குவதால் வருகிறது. அவர்கள் விறகுக்கும் வெளிக்கும் காட்டுக்குள்தான் போக வேண்டும். பிறகு அவர்களையே பிடித்து அபராதம் போடுவார்கள். கேஸ் அடுப்பு, தண்ணீர், கழிப்பறை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா ஆகியவை ஏற்பாடான பிறகே முதல் கடப்பாரை விழ வேண்டும். கட்டடச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1996இலேயே சட்டம் வந்தது. அரசாங்கமே கட்டும் கட்டடத்திலாவது அந்தப் பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டு, வேலை செய்தவர்கள் நலவாரியத்தில் பதியப்பட வேண்டும். திறப்பு விழாக் கல்லில் மந்திரி பெயருக்குக் கீழே நிறைய இடம் காலியாகத்தான் இருக்கிறது. கொத்தனார், கல்தச்சர், சித்தாள் பெயர்களை வெட்ட நம்மிடமே ஆள் இருக்கிறார்கள், கூலியும் கேட்க மாட்டார்கள்.

காட்டோரத்திலோ பூங்காவிலோ மலைக்கோயில் அடிவாரத்திலோ இத்தகைய கட்டட வேலை செய்த தோழர்கள், அங்கே மண்ணை என்ன செய்தார்கள், மரம் எத்தனை போயிற்று, எங்கே தங்க வைத்தார்கள், கூலி என்ன கொடுத்தார்கள் என்பதை ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வனத்துறைக்குக் கொடுக்கப்போகும் மனுவோடு அவற்றையும் இணைப்போம்.